கிரிக் மலையேற்றம், 500 வெள்ளி, ஒரு கூடாரம்: தம்பி கேட்ட கேள்விக்குப் பதில்

தம்பி, வேறு யாராவது படித்தாலும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். டிசம்பர் விடுமுறையில் மலேசியாவின் மேற்குப் பக்கம் பேராக்கில் இருக்கிற சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார், லெங்கோங், கிரிக், ஜெலி வழியாகக் கிழக்குப் பக்கம் கிளந்தானில் இருக்கிற கோத்தா பாரு வரை தனியாகச் சைக்கிளில் போகப்போகிறீர்கள். கூடாரத்துக்கு 500 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியிருக்கிறீர்கள். "ஒரு கிலோவுக்குக் கீழே இருக்கிற கூடாரமாகச் சொல்லுங்கண்ணே, மலை ஏறும்போது பாரம் இருக்கக்கூடாது" என்று கேட்டிருந்தீர்கள். நானும் இதே ஊர்தான். தோட்டத்துக்குள் பிறந்து வளர்ந்தவன், அந்தச் சாலையில் மூன்று முறை சைக்கிளில் போயிருக்கிறேன், நம் நாட்டு மழையில் நனைந்த கூடாரங்கள் என்னிடம் நான்கைந்து உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கூடாரத்துக்குப் போகுமுன் மாதத்தை மாற்றுங்கள். டிசம்பரில் கிளந்தான் பக்கம் வடகிழக்குப் பருவமழை உச்சத்தில் இருக்கும். 2014 டிசம்பரில் கிளந்தானில் வந்த வெள்ளத்தை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நம் பேராக் பக்கம் டிசம்பரில் வெயில் அடிக்கிறது என்பதற்காக மலைக்கு அந்தப் பக்கமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக் கிளம்பக்கூடாது. மார்ச், ஏப்ரலில் போனால் கிளந்தானில் மழை குறைவு, நம் பக்கம் மட்டும் சாயங்கால இடிமழை இருக்கும், அதைச் சமாளிக்கலாம். எந்தக் கூடாரம் வாங்கினாலும் நாள் கணக்கில் விடாமல் கொட்டுகிற மழையில் அதற்குள் சந்தோஷமாக இருக்க முடியாது, அது 300 வெள்ளிக் கூடாரமோ 3000 வெள்ளிக் கூடாரமோ.

சரி, எடை. கிரிக்குக்கும் ஜெலிக்கும் நடுவில் சாலை 1000 மீட்டருக்கு மேலே ஏறுகிறது. ஒரு கிலோவை 1000 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 9,800 ஜூல் வேலை ஆகும். ஏற்றத்தில் நிதானமாக மிதிக்கிற ஆள் 100 வாட் கொடுக்கிறார் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம், வகுத்துப் பார்த்தால் 98 விநாடி வருகிறது. அதாவது ஒரு கிலோ கூடுதலாகச் சுமந்து அந்த மலையில் ஏறினால் நீங்கள் இழப்பது ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். வழியில் ஏறி இறங்கி மறுபடி ஏறுகிற இடங்களையெல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று நிமிடத்துக்காக இரண்டு மூவாயிரம் வெள்ளி கொடுத்து டைனிமா என்கிற மிக லேசான துணியில் செய்த கூடாரம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். முதுகில் சுமந்து நடக்கிறவருக்கு அது நியாயம், ஏனென்றால் அவருடைய தோளும் முட்டியும் ஒவ்வோர் அடியிலும் அந்தப் பாரத்தைத் தாங்குகின்றன. சைக்கிளில் பாரத்தைத் தாங்குவது சக்கரம். அந்தச் சாலையில் கிரிக்கைத் தாண்டினால் கடைகள் அரிது, மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும், அதுவே மூன்று நான்கு கிலோ. இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் கூடாரம் ஒன்றரைக் கிலோவா இரண்டு கிலோவா என்பது பெரிய விஷயமே இல்லை. இரண்டரையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

எடையைவிடச் சைக்கிள்காரருக்கு முக்கியம் மடித்த அளவு. கூடாரக் கம்பிகளை மடித்தால் பெரும்பாலும் 45 சென்டிமீட்டருக்கு மேல் நீளம் வரும். பின்னால் கேரியரும் இரண்டு பக்கப் பைகளும் வைத்திருந்தால் கவலையில்லை, கேரியர் மேல் நீளவாக்கில் வைத்துக் கட்டிவிடலாம். ஆனால் கேரியர் இல்லாமல் ஹேண்டில்பாரில் சுருட்டிக் கட்டுகிறவராக இருந்தால், அதுவும் வளைந்த ரேசிங் ஹேண்டிலாக இருந்தால், அந்தக் கம்பி இரண்டு பக்கமும் பிரேக்கில் இடிக்கும். இதற்காகவே பிக் ஆக்னஸ் மாதிரி கம்பெனிகள் 30 சென்டிமீட்டர் அளவில் மடிகிற கம்பியோடு சைக்கிளுக்கென்றே தனி மாடல் விடுகின்றன. உங்கள் பணத்துக்கு அது எட்டாது, தேவையும் இல்லை. கம்பியைத் தனியாக எடுத்து டாப் டியூபுக்கு (சைக்கிள் சட்டத்தின் மேல்குழாய்க்கு) கீழே இரண்டு வெல்க்ரோ பட்டையில் கட்டிவிட்டு, துணியை மட்டும் ஹேண்டிலில் சுருட்டிக்கொள்ளுங்கள், நான் இப்படித்தான் செய்கிறேன். இன்னொன்று, விளம்பரத்தில் போடுகிற எடையில் பல கம்பெனிகள் ஆணி, கயிறு, பை எதையும் சேர்ப்பதில்லை. உள்கூடு (நாம் படுக்கிற உள் அறை), மேல்துணி (அதற்கு மேலே போடுகிற மழைத்துணி), கம்பி மூன்றின் எடையை மட்டும் போட்டிருப்பார்கள். கைக்கு வந்ததும் வீட்டுத் தராசில் முழுவதையும் போட்டுப் பாருங்கள், 200, 300 கிராம் கூடத்தான் இருக்கும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அங்கே எங்கே படுப்பீர்கள் என்று யோசித்தீர்களா? வெளிநாட்டுப் படங்களில் புல்வெளி, ஏரிக்கரை, கூடாரம், பக்கத்தில் சைக்கிள் என்று வரும். நம் நாட்டில் சைக்கிள் பயணம் போகிறவர் பாதி இரவுகளாவது படுப்பது கூரைக்குக் கீழேதான். கோயில் மண்டபம், தமிழ்ப்பள்ளியின் திறந்த கூடம், கம்பத்து பாலாய் ராயா (கிராமத்துப் பொது மண்டபம்), பொம்பா (தீயணைப்பு) நிலையம், மசூதி வாசல். கேட்டால் பெரும்பாலும் இடம் கொடுத்துவிடுவார்கள், அதிலும் சைக்கிளில் வந்தவன் என்றால் தண்ணீரும் கொடுத்து, சாப்பிட்டாயா என்றும் கேட்பார்கள். ஆனால் அங்கெல்லாம் தரை சிமெண்டு, இல்லையென்றால் டைல்ஸ். ஆணி இறங்காது.

நண்பர் ஒருவர் என்னோடு தைப்பிங் பக்கம் வந்தபோது, ஊன்றுகோல் வைத்து நிறுத்துகிற கூடாரம் கொண்டுவந்தார். அந்த வகை மிகவும் லேசானது, மலையேறுகிறவர்கள் எப்படியும் கையில் இரண்டு கோல் வைத்திருப்பார்கள் என்று கணக்குப்போட்டுச் செய்தது. லான்ஷான் என்கிற கூடாரம் அந்த வகைதான், அதை வாங்கச் சொல்லிப் பலர் உங்களிடம் சொல்வார்கள், ஒரு கிலோ அளவில் வேறு இருக்கிறது. கோயில் மண்டபத்தில் ராத்திரி எட்டு மணிக்கு அதை விரித்து, நாலு மூலைக்கும் கட்ட இடம் தேடி, ஒரு மூலையைத் தூணிலும் ஒன்றைச் சைக்கிள் பெடலிலும் ஒன்றைத் தண்ணீர் பாட்டிலிலும் கட்டிப் பார்த்து, கடைசியில் அது நிற்கவே இல்லை. அவர் விடியும்வரை கைலியை முகத்தோடு போர்த்திக்கொண்டு கொசுக்கடியில் கிடந்தார். எனக்கு அன்றைக்கு மனசே சரியில்லை. கிளம்புமுன் அவருடைய கூடாரத்தை நான் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அதனால் உங்களுக்கு என் முதல் நிபந்தனை: ஆணி இல்லாமல் தானாக நிற்க வேண்டும், அதுவும் மேல்துணி இல்லாமல் உள்கூடு மட்டும் தனியாக நிற்க வேண்டும். கூரைக்குக் கீழே மழைத்துணியே வேண்டாம், வலை உள்கூட்டை மட்டும் நிறுத்தினால் அதுவே கொசுவலை. டெங்கி இருக்கிற நாட்டில் இது ஆடம்பரம் இல்லை. காட்டோரத்தில் படுத்தால் இன்னொரு பயமும் உண்டு. குரங்கிலிருந்து மனிதனுக்கு வருகிற நொலெசி மலேரியா நம் நாட்டில் இன்னும் இருக்கிறது, அதைப் பரப்புகிற கொசு காட்டுக் கொசு. வலையும் நுண்ணிய கண்ணுள்ளதாக இருக்கட்டும். சாதாரணக் கொசுவலையில் அகாஸ் என்கிற பொடிக் கடிப்பூச்சி சுலபமாக நுழைந்துவிடும், அது கடித்த இடம் ஒரு வாரத்துக்கு அரிக்கும்.

தானாக நிற்பது என்று எழுதியிருந்தாலும் நம்பிவிடாதீர்கள், கம்பி எப்படிப் போகிறது என்று படத்தைப் பாருங்கள். தலைப்பக்கம் இரண்டு கால், கால்பக்கம் ஒரே ஒரு கால் என்று ஒய் எழுத்து மாதிரிக் கம்பி போனால் அது பாதிதான் தானாக நிற்கும், கால்பக்க மூலைகளை இழுத்துக் கட்டியாக வேண்டும். நேச்சர்ஹைக் கிளவுட் அப் அந்த வகை. நம் ஊர்ச் சைக்கிள்காரர்கள் அதிகம் வைத்திருப்பது அதுதான், கெட்டதில்லை, இரண்டு மூலைக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் வைத்துச் சமாளிக்கலாம். நான்கு மூலைக்கும் கம்பி வருகிற மாதிரி இருந்தால் இன்னும் நிம்மதி. அதே கம்பெனியின் மோங்கார் அப்படி. இரண்டு பக்கமும் கதவு உண்டு, இரண்டு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். எம்எஸ்ஆர் ஹப்பா ஹப்பாவும் அதே அமைப்பு, ஒன்றரைக் கிலோ பக்கம், ஆனால் விலை உங்கள் கணக்கில் இல்லை.

இரண்டாவது நிபந்தனை காற்று. நம் ஊரில் ராத்திரி குளிர்வதே அபூர்வம், ஈரப்பதமோ தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேலே. கடையில் 'நான்கு பருவத்துக்கும் ஏற்றது' என்று எழுதின கூடாரத்தைப் பார்த்தால் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள், பனிக்கும் பனிக்காற்றுக்கும் செய்தது அது. சுவீடனின் ஹில்லபெர்க் உலகத்திலேயே நல்ல கூடாரங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆனால் அதன் உள்கூடு பெரும்பாலும் வலையில்லாமல் துணியால் ஆனது. நம் தோட்டத்துத் திடலில் அதற்குள் படுத்தால் விடியற்காலையில் வேர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள். உள்கூடு முழுக்க வலையாக இருக்க வேண்டும், மேல்துணி தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலே நிற்க வேண்டும், மேல்துணிக்கும் வலைக்கும் நடுவில் இடைவெளி வேண்டும், உச்சியில் திறக்கிற காற்றுவழி இருந்தால் நல்லது. ஒற்றைச் சுவர்க் கூடாரம் என்று ஒரு வகை உண்டு, வலையும் மழைத்துணியும் ஒன்றாகவே இருக்கும். லேசுதான், ஆனால் நீங்கள் விடுகிற மூச்சே உள்பக்கம் தண்ணீராகப் படிந்து, புரண்டு படுத்தால் முதுகு நனையும். தனியாகப் படுக்கிறவர் போர்த்திக்கொள்கிற தண்ணீர் புகாத உறையும் இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரி போதும்: நம் வெப்பத்துக்கு அது ஆகாது.

காற்றுக்காகவே இன்னொன்றும் சொல்வேன், தனியாகப் போனாலும் இருவர் கூடாரமே வாங்குங்கள். ஒருவர் கூடாரத்தில் முகத்துக்கு நேரே துணி நிற்கும். அரைக்கிலோ கூடினாலும் பரவாயில்லை, பைகளையும் உள்ளேயே வைத்துக்கொள்ளலாம், வெளியே விட்டால் எறும்பு ஏறும், மலைப்பக்கம் அட்டையும் ஏறும்.

மூன்றாவது மழை. இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். துணியில் 1500, 3000, 5000 என்று மில்லிமீட்டர் கணக்கு போட்டிருப்பார்கள், துணி எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைக் கசியாமல் தாங்கும் என்கிற அளவு அது. மேல்துணிக்கு 2000 இருந்தாலே நம் இடிமழைக்குப் போதும். நீங்கள் மேலே படுத்து அழுத்துகிற அடித்துணிக்குத்தான் கூடுதலாக வேண்டும். உண்மையில் தண்ணீர் உள்ளே வருவது துணி வழியாக இல்லை, தையல் வழியாக வரும், இல்லையென்றால் தரையில் அடித்துத் தெறிக்கிற தண்ணீர் மேல்துணிக்குக் கீழே புகுந்து வரும். தையலுக்கு உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் சிலிக்கோன் பூசிய துணியில் டேப் ஒட்டாது, சிலிக்கோன் பசையை நாமே தடவி ஒரு நாள் காயவிட வேண்டும். பெரிய வேலை இல்லை, ஆனால் பயணத்துக்கு முந்தின நாள் ராத்திரி செய்கிற வேலை இல்லை அது.

பல கூடாரங்களில் முதலில் வலை உள்கூட்டை நிறுத்தி, அப்புறம்தான் மேல்துணியைப் போட வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வானம் கறுத்து, கூடாரத்தைப் பிரிப்பதற்குள் மழை கொட்ட ஆரம்பித்தால் வலை வழியாக அடித்துணியில் குளம் கட்டிவிடும். இதற்கு நான் கண்ட வழி, மூன்றுக்கு மூன்று மீட்டர் லேசான தார்ப்பாய் ஒன்றைக் கூடவே வைத்துக்கொள்வது. அரைக்கிலோ வரும். முதலில் அதைக் கட்டி, அதற்குக் கீழே நனையாமல் கூடாரத்தை நிறுத்துவேன், அப்புறம் அங்கேயே மெகி போடுவேன், சைக்கிளும் நனையாது. ஒரு பக்கம் மரம் அல்லது வேலி, மறு பக்கம் சைக்கிளையே நிறுத்தி ஹேண்டில்பாரில் கயிறு போட்டு இழுத்துக் கட்டலாம். உண்மையைச் சொன்னால் பணம் ரொம்பவும் முடையாக இருந்தால் இந்தத் தார்ப்பாயும், அதற்குக் கீழே தொங்கவிடுகிற ஒற்றைக் கொசுவலையும், ஒரு பாயும் இருந்தாலே பயணம் போய்விடலாம். என் முதல் இரண்டு பயணமும் அப்படித்தான்.

துணியைப் பற்றி நிறைய சண்டை நடக்கும், நான் என் அனுபவத்தைச் சொல்கிறேன். நைலான் பலமானது, ஆனால் தண்ணீரை உறிஞ்சி இளகும். ராத்திரி இழுத்துக் கட்டின மேல்துணி மழையில் தொய்ந்து உள்வலையில் ஒட்டிக்கொள்ளும், நள்ளிரவில் எழுந்து மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். பாலியெஸ்டர் தொய்வதில்லை, வெயிலையும் கொஞ்சம் நன்றாகத் தாங்கும். எடை சற்றுக் கூடினாலும் நம் நாட்டுக்கு எனக்குப் பாலியெஸ்டர்தான் பிடித்திருக்கிறது.

ஆனால் துணியைவிடப் பூச்சு முக்கியம், இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. விலை குறைந்த கூடாரங்களில் உள்பக்கம் பாலியூரிதேன் பூச்சு இருக்கும். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதியியல் முறையில் சிதையும். ஈரம் அதன் இணைப்புகளை உடைத்து, பூச்சு பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பித்து, வாந்தி மாதிரி ஒரு நாற்றம் வரும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு நடந்தது. நல்ல பணம் கொடுத்து வாங்கின கூடாரம், இரண்டு பயணம் போய்வந்து, தகரக் கூரைக்குக் கீழே இருந்த சாமான் அறையில் பையில் இறுக்கிச் சுருட்டி வைத்துவிட்டேன், கொஞ்சம் ஈரம் இருந்திருக்க வேண்டும். ஒன்றரை வருடம் கழித்துப் பிரித்தால் துணி துணியோடு ஒட்டிக்கொண்டு கழன்று வருகிறது. குளிர்நாட்டில் பத்து வருடம் வருகிற கூடாரம் நம் ஊரில் இரண்டு வருடத்தில் போவது இதனால்தான். சிலிக்கோன் பூச்சுக்கு இந்தச் சிதைவு கிடையாது. குறைந்தபட்சம் வெளிப்பக்கமாவது சிலிக்கோன் பூசினதாகப் பாருங்கள். எது வாங்கினாலும் பயணத்தில் தினமும் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கிற இடத்தில் சைக்கிள் மேலேயே விரித்துப் போடுங்கள், நம் வெயிலில் கால்மணி நேரத்தில் காய்ந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் பையில் திணிக்காமல் பெரிய துணிப்பையில் தளர்வாக, படுக்கை அறையில், அதாவது ஆள் புழங்குகிற அறையில் வையுங்கள்.

கம்பி அலுமினியமாக இருக்க வேண்டும். கண்ணாடி இழைக் கம்பி நீளவாக்கில் சிம்பு சிம்பாகப் பிளந்து கையில் குத்தும், மேல்துணியையும் கிழிக்கும். ஒடிந்த கம்பிக்கு மேலே மாட்டுகிற ஒரு குழாய்த்துண்டு கூடவே வரும், அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

அடித்துணியைக் காப்பாற்ற ஒரு விரிப்பு வேண்டும். திருவிழா பேனரை வெட்டிப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு, ஆனால் கூடாரத்தளவு பேனர் ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும், கூடாரத்தில் மிச்சம்பிடித்த எடையைப் பேனரில் கொடுக்க வேண்டாம். கட்டட வேலையில் சுவருக்குச் சுற்றுகிற டைவெக் கிடைத்தால் 200 கிராமுக்குள் முடியும். கூடாரத்தைவிட நான்கு விரல் சிறியதாக வெட்டுங்கள், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேல்துணியில் வழிகிற மழையையெல்லாம் பிடித்து உங்களுக்குக் கீழே கொண்டுவந்து விடும். நம் பக்கம் விரிப்பு இல்லாமல் படுக்கவே கூடாது. செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டையின் முள்ளை மிதித்தவர்களுக்குத் தெரியும், அது செருப்பையே துளைக்கும். தொட்டாற்சிணுங்கி முள் காற்றுப்பாயை ஓட்டை போட்டுவிடும்.

தோட்டம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கித்தா (ரப்பர்) தோட்டத்தில் இரண்டு மரத்துக்கு நடுவில் தொங்குபடுக்கை கட்டலாமே என்று கேட்டிருந்தீர்கள். தொங்குபடுக்கை நம் நாட்டுக்கு மிகவும் பொருத்தமானது, முதுகுக்குக் கீழே காற்று போகும், தரை ஈரமா சரிவா என்ற கவலையே இல்லை. மூன்றரை முதல் ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு உறுதியான மரம் வேண்டும், அவ்வளவுதான். கிழக்குக்கரையில் சவுக்கு மரங்களுக்கு நடுவில் அதில் தூங்கியதைப் போல் நான் எங்கேயும் தூங்கினதில்லை. ஆனால் கித்தா மரத்தில் கட்டாதீர்கள். தொங்குபடுக்கையின் கட்டுவாரை நீங்கள் போடுகிற உயரம்தான் பால் வெட்டுகிற இடம், இறுகின வார் அந்த மரப்பட்டையைக் காயப்படுத்தும், வெட்டுக்காரர் இருட்டோடு தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு வந்து பார்த்தால் அவர் பிழைப்பில் கைவைத்த மாதிரி. என் அம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டினவர், இதை நான் சும்மா சொல்லவில்லை. காற்றடித்தால் கித்தாக் கிளை சட்டென்று ஒடியும் என்பது வேறு. செம்பனையில் கட்டவே முடியாது, மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். அதோடு செம்பனைக்குள் எலி நிறைய, எலியைத் தேடிப் பாம்பு வரும், தோட்ட நிர்வாகங்கள் எலிக்காகவே கூகை ஆந்தைக்குக் கூடு வைத்து வளர்க்கின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எலி இருக்கிற ஈரத்தரையில் எலிக்காய்ச்சலும் இருக்கும். தோட்டத்துக்குள் இடம் வேண்டுமானால் கோயில் பொறுப்பாளரையோ பள்ளிக் காவலாளியையோ கேட்டுத் திடலோரத்தில் போடுங்கள்.

எங்கே போடக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும், நல்ல கூடாரம் கெட்ட இடத்தில் காப்பாற்றாது. 2022 டிசம்பர் 16 அதிகாலை பத்தாங் காலியில் முகாம்தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் இறந்துபோனார்கள், குழந்தைகளும் இருந்தார்கள். அன்றையிலிருந்து வெட்டின மலைச்சரிவுக்குக் கீழே நான் படுப்பதே இல்லை, எவ்வளவு சமமான இடமாக இருந்தாலும் சரி. ஆற்றங்கரையும் வேண்டாம். நமக்கு மேலே வானம் தெளிவாக இருக்கும்போதே மலையில் பெய்த மழை 'கெபாலா ஆயிர்' ஆகத் திடீரென்று இறங்கிவரும். தென்னைக்குக் கீழே வேண்டாம். இடி இடித்தால் திறந்த திடலில் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள், கூடாரம் மின்னலுக்குப் பாதுகாப்பே இல்லை, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விடுங்கள்.

மேற்குக் கரையில் இன்னொன்று, சுமத்ரா பக்கமிருந்து விடியுமுன் வருகிற காற்றுமழை. ஒருமுறை பாகான் டத்தோ பக்கம் பள்ளித் திடலில் படுத்திருந்தேன், காற்றே இல்லாத ராத்திரி, அதனால் கயிறு எதையும் கட்டவில்லை. நான்கு மணி இருக்கும், பத்தே நிமிடத்தில் காற்று வந்து மேல்துணியைப் பிடுங்கிக்கொண்டு போய் வேலியில் மாட்டிவிட்டது, நான் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருந்தேன். கூடாரத்தோடு வருகிற ஆணிகள் பெரும்பாலும் மெல்லிய கம்பிகள், மணற்பாங்கான திடலில் நிற்காது. ஒய் வடிவ ஆணி எட்டு தனியாக வாங்குங்கள், கயிறுகளை எல்லா ராத்திரியும் கட்டுங்கள்.

உங்கள் வழிக்கு வருகிறேன். முதல் நாள் கோலகங்சாரில் நின்று 1877இல் நட்ட கித்தா மரங்களில் மிச்சம் இருக்கிற ஒன்றைப் பார்த்துவிட்டுப் போங்கள், மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம் ஆட்கள் கப்பலேறி வந்ததற்குக் காரணமான மரத்தின் பாட்டி அது. லெங்கோங், கிரிக் இரண்டிலும் ஊருக்குள் கேட்டுத் தங்கலாம். கிரிக்கைத் தாண்டி தெமெங்கோர் ஏரியில் பண்டிங் தீவுவரை போய் அங்கே படுங்கள். அதற்கப்புறம் ஜெலி வரும்வரை சாலையோரத்தில் கூடாரம் போடவே போடாதீர்கள். 1982இல் திறந்த அந்தச் சாலை யானைகளின் காட்டை நடுவில் வெட்டிக்கொண்டு போகிறது, சாலையோரப் புல்லை மேய ராத்திரியில் அவை வரும். 2025 மே மாதம் லாரியில் அடிபட்ட குட்டியை விட்டு நகராமல் தாய் யானை லாரியில் தலையை முட்டிக்கொண்டு நின்ற படத்தை நாம் எல்லாரும் பார்த்தோம், அது இந்தச் சாலைதான். விடியும்போதே பண்டிங்கிலிருந்து கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே ஜெலியில் இறங்கிவிட வேண்டும். 1000 மீட்டருக்கு மேலே உள்ள அந்த உச்சியில் மூடுபனியும் குளிரும் இருக்கும், ஆனால் நீங்கள் அங்கே படுக்கப்போவதில்லை என்பதால் தூக்கப்பை வேண்டாம், ஒரு கைலியும் மெல்லிய போர்வையும் போதும். அதில் மிச்சமாகிற எடை கூடாரத்துக்குச் சரியாகப் போய்விடும்.

500 வெள்ளியை நான் இப்படிப் பிரிப்பேன். நான்கு மூலைக்கும் கம்பி வருகிற, வலை உள்கூடுள்ள, சிலிக்கோன் பூசின இருவர் கூடாரம் ஒன்று, புதிதாகத் தள்ளுபடியிலோ அல்லது ஒருமுறை இரண்டுமுறை பயன்படுத்தினதாகவோ. பழையது வாங்கினால் மேல்துணியின் உள்பக்கத்தைக் கையால் தடவி, முகர்ந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள், கொஞ்சம் ஒட்டினாலும் வேண்டாம். மிச்சப் பணத்தில் தார்ப்பாய், ஆணி, கயிறு. அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மழை வருகிற மாதிரி இருக்கும்போது நம் பள்ளித் திடலுக்கு அதைக் கொண்டுவாருங்கள், நானும் வருகிறேன், மழையிலேயே நிறுத்திப் பார்த்து ராத்திரி அங்கேயே படுத்துவிடலாம். என்னிடம் பழைய தார்ப்பாய் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மட்டும் காசு செலவழிக்க வேண்டாம்.